பஞ்சுவுக்குப் பிடித்த கவுன்

முயல் உறுமும் என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. நாற்பத்தியொரு வயது வரைக்கும் முயல் என்றால் வாயில்லா ஜீவன், மூலையில் உட்கார்ந்து கேரட் தின்னும் என்றுதான் நினைத்திருந்தேன். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, அடுப்புக்கு முன்னால் நின்று கெட்டிலை எடுக்கப் போனேன். காலடியில் கர்ரென்று ஒரு சத்தம். தையல் மிஷினில் நூல் சிக்கினால் வருமே, அந்த மாதிரி. என்னடா இது என்று குனிந்தேன். குனிந்த கையில், கட்டைவிரலுக்குக் கீழே சதைப்பற்றான இடத்தில், நறுக்கென்று ஒரு கடி.

"ஐயோ!" என்று நான் போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டிருக்கும். வெள்ளை உடம்பு, ஒரு காது மட்டும் கறுப்பு. இரண்டு காதையும் முதுகோடு ஒட்டவைத்துக்கொண்டு, முன்னங்கால்களைத் தூக்கி என்னைச் சண்டைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. பேர் பஞ்சாம். அதன் பல்லுக்கு முன்னால் என் கத்தரிக்கோல் பிச்சை வாங்க வேண்டும்.

பள்ளிச் சீருடையில் பாப்பா கதவோரம் நின்றாள். எட்டு வயது. என் வீட்டுக்காரருக்கு மூத்தாள் பெற்ற பிள்ளை. மூத்தாள் இறந்துபோய் இரண்டு வருஷம் ஆகிறது, இளையாளாக வந்தவள் நான்.

"பஞ்சு யாரையும் கடிக்காது, தையக்காரம்மா" என்றாள் பாப்பா. "அது அம்மா நிக்கிற எடம். அங்க நின்னீங்க, அதான்."

கை ரத்தத்தைக் குழாயில் கழுவும்போது எனக்கு அழுகை வந்தது. வலியால் இல்லை. தையக்காரம்மா என்றாளே, அதனால். என் ஆல்டரேஷன் கடைக்கு அவளுடைய பள்ளிப் பாவாடையின் மடிப்பை இறக்கித் தரச் சொல்லித்தான் அவர் முதலில் வந்தார். மடிப்பு இறங்கியது, பேச்சு வளர்ந்தது, கல்யாணத்தில் முடிந்தது. ஊரிலுள்ளவர்களின் கல்யாண உடுப்புகளையெல்லாம் தைத்துக்கொடுத்தே வயதைத் தொலைத்தவள் நான். எனக்குப் பிள்ளை பிறக்கிற காலம் போய்விட்டது. உண்மையைச் சொன்னால், நான் அவரைக் கட்டிக்கொண்டதில் பாதி அந்தப் பிள்ளைக்காக. அவள் வாயால் ஒரு தடவை அம்மா என்று கேட்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பஞ்சு விடுமா? அடுப்பு முன்னால் நின்றால் கடி. கட்டிலின் ஜன்னல் பக்கத்தில் காலைத் தொங்கவிட்டால் கடி. பாப்பாவுக்குத் தலை பின்ன உட்கார்ந்தால் பாய்ந்து வந்து பின்னங்காலால் தரையை டம்மென்று அடிக்கும். கூடத்திலும் குளியலறையிலும் நான் பாட்டுக்கு நடக்கலாம், ஏறெடுத்தும் பார்க்காது. ஒரு வாரத்தில் எனக்கு விளங்கிவிட்டது. மூத்தாள் எங்கெங்கே நின்றாளோ, எங்கெங்கே உட்கார்ந்தாளோ, அங்கே மட்டும்தான் கடி. அவளை நான் பார்த்ததே இல்லை. ஆனால் அவள் வீட்டில் எந்த இடத்தில் நிற்பாள் என்று என் கணுக்கால் தழும்புகளை வைத்தே சொல்லிவிடுவேன்.

அவரிடம் சொன்னேன். கண்ணாடிக்கடை வைத்திருக்கிறார். ஊருக்கெல்லாம் பார்வை சரிபண்ணுகிற மனுஷனுக்கு வீட்டில் நடப்பது மட்டும் கண்ணில் படாது. "கொஞ்ச நாள் போனா பழகிடும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டில் கை வைத்தார்.

கடைசியில் நானே கூண்டைத் தூக்கிக்கொண்டு, பாப்பாவையும் கூட்டிக்கொண்டு மிருக வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மாவிடம் போனேன். அந்த அம்மா பஞ்சுவைப் புரட்டிப் பார்த்தார்.

"பெண் முயல், நாலு வயசு. வலி, புண்ணு எதுவும் இல்ல. வீடு தன்னோடதுன்னு நெனைக்குது. புதுசா ஒருத்தர் வந்தா சண்டை போடும். கருப்பைய எடுத்துட்டா கோவம் நல்லாவே அடங்கும். சின்ன ஆபரேஷன்தான்."

பாப்பா கூண்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். "வேணாம். அம்மாவும் சின்ன ஆபரேஷன்னுதான் போனாங்க."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"சரி, வேற வழியில பாப்போம்" என்றார் டாக்டரம்மா. "முகத்துக்கு நேரா கைய நீட்டாதீங்க. மூக்குக்குக் கீழ இருக்கறது அதுக்குத் தெரியாது, பயந்துபோய்க் கடிக்கும். கூண்டுக்குள்ள இருக்கும்போது கைய விடாதீங்க. தரையில உக்காருங்க, அதுவா வரட்டும். அடிக்கக் கூடாது, கத்தக் கூடாது. நீங்க போட்டுக் கழட்டின துணி ஒண்ண, துவைக்காம, அது பக்கத்துல போட்டு வைங்க. உங்க வாசனை அதுக்குப் பழகட்டும்."

திரும்பி வரும் வழியில் பாப்பா சொன்னாள்: "பஞ்சுவுக்குப் பிடிச்சா எனக்கும் பிடிக்கும், தையக்காரம்மா." தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற பிள்ளை. ஆனாலும் எனக்கு அதில் ஒரு நம்பிக்கை பிறந்தது. கதவு சாத்தியிருந்தாலும் தாழ்ப்பாள் எங்கே என்று தெரிந்துவிட்டதே.

மூன்று வாரம் சொன்னபடி செய்தேன். கத்தாதே என்றால் நான் பாதி உயிர் போனவள், அதையும் பொறுத்தேன். மதியம் கடையை அடைத்துவிட்டு வந்து தரையில் உட்கார்ந்து இடுப்பு ஒடிந்ததுதான் மிச்சம். நான் உடுத்திக் கழற்றிய ஏப்ரனைக் கூண்டில் போட்டேன். மறுநாள் பார்த்தால் நார் நாராகக் கிழித்து, மேலே மூத்திரமும் பெய்து வைத்திருக்கிறது. இன்னொன்று போட்டேன். அதற்கும் அதே கதி. "போடி, உனக்கும் எனக்கும் ஒத்து வராது" என்று எழுந்தபோதுதான் அந்தக் கவுன் கண்ணில் பட்டது.

கூண்டு இருந்தது பின்னறையில். அந்த அறைக் கதவின் பின்னால் ஆணியில் ஒரு நீலக் கவுன் தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் போடுகிற பருத்திக் கவுன். மூத்தாள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று கழற்றி மாட்டியது. அப்புறம் யாரும் அதைத் தொடவில்லை, துவைக்கவுமில்லை. பஞ்சு எப்போதும் அதன் கீழேதான் படுக்கும். தாடையை அந்த விளிம்பில் உரசிக்கொண்டே இருக்கும்.

தையல்காரி புத்தி எப்படிப் போகும் தெரியுமா? ஆளுக்குத் துணி சரியாக இல்லையென்றால் துணியைத்தான் பிரிப்போம், ஆளையா பிரிப்போம்? என் வாசனை அதற்குப் பிடிக்கவில்லையா, சரி, அதற்குப் பிடித்த வாசனையை நான் போட்டுக்கொள்கிறேன். வீட்டில் யாரும் இல்லை. கவுனை எடுத்துத் தலைவழியே மாட்டினேன். மாட்டினேன் என்பது பேச்சுக்குத்தான். அவள் நெட்டை, ஒல்லி. நான் குட்டை, தடிச்சி. அக்குளில் இறுக்கியது, கீழே தரையைப் பெருக்கியது. அப்படியே மூச்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.

பஞ்சு கூண்டிலிருந்து வெளியே வந்தது. காது இரண்டும் நிமிர்ந்து நின்றன. என்னைச் சுற்றி ஒரு சுற்று, இரண்டு சுற்று, அடித்தொண்டையில் ம்ம், ம்ம் என்று முனகிக்கொண்டே சுற்றியது. பிறகு நான் தரையில் ஊன்றியிருந்த கையில், அது முதல் நாள் கடித்த இடத்தில், நாக்கை வைத்து நக்கியது. நக்கிக்கொண்டே இருந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

அன்றே கவுனைப் பிரித்தேன். அளவெடுக்காமல் நான் எதிலும் கை வைப்பதில்லை. தோளிலிருந்து விளிம்பு வரை ஐம்பத்து நாலு அங்குலம். ஐம்பதுக்கு மடித்து ஏற்றினேன். பக்கத் தையலில் விட்டுக்கொடுக்கத் துணி போதவில்லை. என் கல்யாணத்துக்கு நான் தைத்துக்கொண்ட மஞ்சள் கவுனில் மிஞ்சிய துண்டு இருந்தது. அதிலிருந்து இரண்டு முக்கோணம் வெட்டி இரண்டு அக்குளிலும் வைத்துத் தைத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. துவைக்க மட்டும் செய்யவில்லை.

ஒரு நாள் பள்ளிக்கூடம் சீக்கிரம் விட்டுப் பாப்பா வந்துவிட்டாள். நான் அந்தக் கவுனில் தரையில் உட்கார்ந்திருக்கிறேன், மடியில் பஞ்சு. மாட்டிக்கொண்டோம், இன்றோடு என் கதை முடிந்தது என்று நினைத்தேன். அவள் பையை இறக்கினாள். மெதுவாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கவுனின் கையை மூக்கில் வைத்துப் பார்த்தாள்.

"கீரைய இடது கையால குடுங்க, அம்மா மாதிரி" என்றாள். "அப்பத்தான் பஞ்சு வாங்கும்."

கையை மாற்றினேன். பஞ்சு வாங்கித் தின்றது. பாப்பா என் தோளில் தலையைச் சாய்த்தாள். அந்தக் கணத்தில் யாராவது வந்து இந்த வீட்டை எழுதிக் கொடுத்துவிடு என்று கேட்டிருந்தால்கூடக் கொடுத்திருப்பேன், அது என் வீடே இல்லை என்றாலும்.

அதற்கப்புறம் கடைக்குப் போகிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் நீலக் கவுன்தான். ஒரு கடி இல்லை. அடுப்பு முன்னால் நிற்கலாம், ஜன்னல் பக்கம் படுக்கலாம். பாப்பா தலையைப் பின்னக் கொடுப்பாள். இந்தப் பக்கம் இன்னும் இறுக்கமா, வகிடு கோணலா வேணும் என்று சொல்லிக்கொடுப்பாள். சொல்லிக்கொடுக்கச் சொல்லிக்கொடுக்க, சொல்லாததும் எனக்கு வர ஆரம்பித்தது.

கடையில் ஒரு நாள் கால்சட்டைத் துணி வெட்டும்போது உள்ளங்கை வலித்தது. பார்த்தால் கத்தரிக்கோலை இடது கையில் பிடித்திருக்கிறேன். வலக்கைக்காரர் கத்தரிக்கோல் இடக்கையில் துணியை வெட்டாது, மெல்லும். அதுவோ கோடு பிசகாமல் வெட்டியிருந்தது. சிரித்துக்கொண்டேன். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

பிறகு கவுன் தொளதொளவென்று ஆனது. இளைத்திருக்கிறேன் போல, ஓடியாடும் வீடு, நல்லதுதானே என்று மஞ்சள் முக்கோணங்களைப் பிரித்தெடுத்தேன். கீழே போட்டதுதான் தாமதம், பஞ்சு பாய்ந்து அவற்றைக் கவ்விக் குதறியது. இளைப்பதில் அதிசயமில்லை. ஆனால் விளிம்பு கணுக்காலுக்கு மேலே ஏறிக்கொண்டே போனது. துணி சுருங்கியிருக்கும் என்றால், துவைக்காத துணி எப்படிச் சுருங்கும்? டேப்பை எடுத்து அளந்தேன். கவுன் அதே ஐம்பதுதான். நான் மடித்துத் தைத்ததை ஒரு அங்குலம் இறக்கினேன். மாதம் போனது, இன்னொரு அங்குலம். என் தோள் எப்போதும் பதினைந்தரை. டேப் பதினாலு என்றது. இருபது வருஷமாக என் கையில் இருக்கிற டேப். யாருக்காகவும் பொய் சொல்லாது. அதைச் சுருட்டி டப்பாவில் போட்டு மூடினேன், அளக்கிறதையே விட்டுவிட்டேன்.

கண்ணும் மங்கியது. ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை. அவரிடம் சொன்னேன். நான் போட்டிருந்த கண்ணாடியை வாங்கிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம் அலமாரியின் அடித்தட்டைத் திறந்து பழுப்புச் சட்டம் போட்ட ஒரு பழைய கண்ணாடியைத் துடைத்து நீட்டினார்.

"இதப் போட்டுப் பாரு."

போட்டேன். எதிர்ச்சுவர் காலண்டரில் இருக்கிற பொடி எழுத்துகூடப் பளிச்சென்று தெரிந்தது. "யாரோடது?" என்று கேட்டேன்.

"சும்மாத்தான் கெடந்துச்சு" என்றார். என் பழைய கண்ணாடியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார். அவருக்குத் தெரியும். யாருக்கு எந்தப் பவர் என்பது அவருக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். தெரிந்தும் ஒரு வார்த்தை சொல்லவில்லை பாருங்கள்.

பயந்துபோய்ப் பஞ்சுவைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் டாக்டரம்மாவிடம் போனேன். அவர் சீட்டைப் பார்த்துவிட்டு, "இது போன தடவ ஒரு தையக்காரம்மா கொண்டுவந்தாங்களே, அந்த முயல்தானே? நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

"நாந்தாங்க அது" என்றேன். அவர் என்னையும் சீட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கவுன் கதையைச் சொன்னேன்.

"உங்க துணிய அதுகிட்ட வைக்கச் சொன்னேன். அதுக்குப் பழகின துணிய உங்களப் போட்டுக்கச் சொல்லலையே."

"ரெண்டும் ஒண்ணுதானேங்க?"

"எப்படிம்மா ஒண்ணாகும்? நான் சொன்னதுல அது உங்களுக்குப் பழகியிருக்கும். இப்ப நீங்கதான் அதுக்குப் பழகியிருக்கீங்க. கவுனக் கழட்டி வைங்க. மறுபடியும் ஆரம்பத்துல இருந்து வாங்க. கடிக்கும், பரவால்ல, பொறுத்துக்கங்க."

கழற்றி வைப்பது என்று முடிவு செய்துகொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். சத்தியமாக. கவுனின் பொத்தானில் கை வைத்திருக்கிறேன், பாப்பா பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்தாள். "அம்மா, தண்ணி குடு" என்றாள்.

அவ்வளவு சாதாரணமாக. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, யாரும் கெஞ்சவில்லை. எனக்குக் காது அடைத்துவிட்டது. சந்தோஷத்தில் தண்ணீரைப் பாதி தரையில் கொட்டினேன். பொத்தானைத் திரும்பப் போட்டுக்கொண்டேன். நீங்களாக இருந்தால் கழற்றியிருப்பீர்களா?

அடுத்த ஞாயிறு மத்தியானம் அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தேன். என் அக்கா. கல்யாணத்துக்கு அப்புறம் முதல் தடவையாக வருகிறாள். கையில் பை, நெற்றியில் வேர்வை.

"தங்கச்சி இருக்காளாங்க?" என்று என்னிடம் கேட்டாள்.

"அக்கா, என்னக்கா இது, நாந்தான்."

குரலைக் கேட்டு நிமிர்ந்தாள். என் முகத்தை உற்றுப் பார்த்தாள். பையை நழுவவிட்டாள். என்னை அவள் எப்போதும் அண்ணாந்து பார்க்க மாட்டாள். நாங்கள் இரண்டு பேரும் ஒரே உயரம். அன்று அண்ணாந்து பார்த்தாள். "என்னடி ஆச்சு உனக்கு?" என்றாள்.

உள்ளே இழுத்து உட்காரவைத்தேன். அவள் உட்காரவில்லை. "மொதல்ல இந்தக் கவுனக் கழட்டு. உன் மஞ்சக் கவுனப் போட்டுட்டு வா. நான் என் தங்கச்சியப் பாக்கணும்" என்று பிடிவாதம் பிடித்தாள். பெட்டியைத் திறந்து மஞ்சள் கவுனை எடுத்தேன். என் உடம்புக்கென்று என் கையால் வெட்டித் தைத்தது. போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தேன்.

தோள் இரண்டும் வழிந்து விழுந்தன. இடுப்பில் இன்னொரு ஆள் நுழையலாம். விளிம்பு கெண்டைக்காலோடு நின்றுவிட்டது. ஆள் பாதி, ஆடை பாதி என்பார்கள். என் பாதியை எங்கே விட்டேன் என்று அந்த நிமிஷத்தில் எனக்கே தெரியவில்லை. அக்கா முந்தின நாள் செத்தவளைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தாள்.

பின்னறையிலிருந்து பஞ்சு பாய்ந்து வந்தது. மாதக்கணக்கில் கேட்காத அந்த உறுமல். அக்கா அலறிக்கொண்டு நாற்காலி மேல் ஏறிவிட்டாள். பஞ்சு என்னைக் கடிக்கவில்லை. மஞ்சள் கவுனின் விளிம்பைக் கவ்வி, தலையை உலுக்கி உலுக்கிக் கிழித்தது. கிழிப்பதை நிறுத்தி என் பாதத்தை நக்கியது. நக்கிவிட்டு மறுபடியும் கிழித்தது. நான் விலகவில்லை.

அக்கா நாற்காலியிலிருந்தே கையை நீட்டினாள். "வந்துடுடி. இப்பவே, இப்படியே வா. செருப்புகூட வேணாம். நம்ம வீட்டுக்குப் போயிடலாம்."

போயிருப்பேன். ஒரு கால் எடுத்தும் வைத்துவிட்டேன். அப்போது பாப்பா வந்தாள். தூங்கி எழுந்த முகம். என் மேலிருந்த மஞ்சள் துணியைப் பார்த்ததும் அவள் உதடு பிதுங்கியது. ஓடி வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"அம்மா, அந்தத் தையக்காரம்மா போயிட்டாங்கதானே? திரும்ப வர மாட்டாங்கதானே?"

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்று சொல், நான்தான் அவள் என்று சொல் என அவள் கண் கெஞ்சியது. பிள்ளையின் கைகள் என் இடுப்பில் சூடாக இருந்தன. இதற்குத்தானே வந்தேன்?

"போயிட்டாங்கம்மா" என்றேன். "இனிமே வர மாட்டாங்க."

அக்கா மெதுவாக நாற்காலியிலிருந்து இறங்கினாள். பையை எடுத்துக்கொண்டாள். வாசல்வரை போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்: "அடுத்த தடவ வந்தா, யாரு பேரச் சொல்லி வாசல்ல நிக்கணும்?"

"என்னக்கா இப்படிக் கேக்குற, என் பேரச் சொல்லித்தான்" என்று சொல்ல நினைத்தேன். வாயைத் திறந்தேன். வந்த பேர் என்னுடையது இல்லை.

பாப்பா சிரித்தாள். பஞ்சு ம்ம், ம்ம் என்று முனகிக்கொண்டு என் காலைச் சுற்றி வந்தது.